விதி ஏழும் ஏணி வளையல் பார்டரும்

“…மத்ததையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப நான் கேக்கறது ஒண்ணுதான், மாணிக்கம். நம்ம காலேஜ் எழுத்து எங்க வீட்டுப் புடவைக்கு எப்படி வந்தது?” என்று கேட்டார் பிரின்சிபால் சார்.

கேட்ட இடம் ஆரணியில் எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறை. கேட்ட நேரம், சென்னையிலிருந்து கல்லூரிக் கல்வி இயக்குநர் வந்து அந்த அறையைத் திறந்து வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால். புடவை, குத்துவிளக்கு ஏற்ற வந்திருந்த பிரின்சிபால் வீட்டு அம்மாவின் மேல் இருந்தது. பதில், என் கையெழுத்தோடு, அந்த அறையின் ரிஜிஸ்டரில் இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம் ஒரு படிவம். கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிக் கூடாது என்று நான்கு பக்கம் அச்சடித்து, மாணவர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் இப்போது. போன மாதம் பென்ஷன் விஷயமாகக் கல்லூரிக்குப் போனேன். லேபைப் பார்த்துக்கொள்கிற பெண் அந்தப் படிவத்தைக் காட்டி, “உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்கண்ணா? இஷ்டத்துக்கு ஓட்டிகினு இருந்திருப்பீங்க” என்றது. எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்குப் பதினோரு விதி இருந்ததம்மா, அதில் ஒன்றை ஜரிகையிலேயே போட்டோம் என்றேன். கல்லூரி மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டது. வாயால் கெட்டவன் நான். வேலையிலும் அப்படித்தான்.

சொந்த ஊர் சந்தவாசல் பக்கம். அப்பா, அம்மா இருவரும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தக் கல்லூரியில் பிசிக்ஸ் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷம் லென்ஸ் துடைத்தேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், உடைந்ததை உடைத்தவன் பெயரோடு நோட்டில் எழுதினேன். ஆங்கிலம் கற்றது லேபுக்கு வரும் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளில். அதனால் எனக்குத் தெரிந்த முதல் ஆங்கில வாக்கியம், ‘இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும்.’ இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். இந்தக் கட்டுரையில் வரும் பேச்செல்லாம் அந்த டிக்கெட்டுகளிலிருந்து எடுத்தவைதான்.

எண்பதுகளின் நடுவில் மூன்று கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் மெத்தையில் சுற்றி வேனில் வந்தன. மாப்பிள்ளை அழைப்புக்குக் கூட அவ்வளவு பேர் வாசலில் நிற்க மாட்டார்கள். என்னை அதற்கு அட்டெண்டராக மாற்றி, அறைக்கு ஏசி போட்டார்கள். ஊரில் ஏசி இருந்த இடங்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம் என்ற காலம். சித்திரை பிறந்ததும் பேராசிரியர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. தமிழ்த்துறைக்காரர் ஒருவர் மத்தியானம் ஒரு மணிக்கு வந்து நாற்காலியில் சாய்வார். “கம்ப்யூட்டருக்கும் தமிழுக்கும் இன்னா சம்பந்தம்னு யோசிச்சிகினு இருக்கேன், மாணிக்கம். மூணு மணிக்கு எழுப்பு” என்பார். நானும் யோக்கியன் இல்லை. என் மோர் சொம்பு அந்த ஏசிக்குக் கீழேதான் இருக்கும். சாயங்காலம் வரை புளிக்காது. கல்லூரிக் கம்ப்யூட்டரால் உருப்படியாகப் பயன் அடைந்த முதல் பொருள் என் மோர்.

இதையெல்லாம் பார்த்துத்தான் பிரின்சிபால் விதி எழுத உட்கார்ந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். அட்டெண்டரையும் ‘நீங்க’ என்றே பேசுவார். குரலை உயர்த்திக் கேட்டதில்லை. எந்தக் கேள்வியையும் இரண்டு தரம் கேட்பார். முதல் தரம் நம் காதுக்கு, இரண்டாம் தரம் நிதானமாக, நம் மனசாட்சிக்கு. ரிஜிஸ்டர் எதுவானாலும் பச்சை மையில் ஒரே வார்த்தைதான் எழுதுவார். ‘கண்டேன்’ என்று எழுதினால் விஷயம் அதோடு முடிந்தது, பிறகு யாரும் அதைக் கிளறக் கூடாது. ‘காண்க’ என்று எழுதினால் சம்பந்தப்பட்டவன் அவர் அறைக்குப் போய் அவரைக் காண வேண்டும். ‘காண்க’ வாங்கியவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

அவருடைய நடையும் ஊருக்குத் தெரியும். எங்கே போனாலும் வீட்டு அம்மாவுக்குப் பத்தடி முன்னால்தான் போவார். கோயிலானாலும் கல்யாணமானாலும் அந்தப் பத்தடி குறையாது. அம்மா ஒரு தடவை என்னிடம் சொன்னார்: “அவர் சட்டைக் காலர் எப்ப நைஞ்சுதுன்னு எனக்குத்தான் மொதல்ல தெரியும், மாணிக்கம். எப்பவும் அதப் பாத்துகினேதான நடக்கறேன்.”

அப்படிப்பட்டவர் மூன்று நாள் யோசித்து எழுதிய பதினோரு விதியைப் பலகையில் பெயின்ட் அடித்து மாட்டினோம். செருப்பு வெளியே. தின்பண்டம் வெளியே. தூங்குபவரும் வெளியே. கை கழுவித் துடைத்த பிறகே கட்டையைத் தொட வேண்டும். கீபோர்டை அப்போது நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். விதி ஆறு: அச்சடித்த தாள் எதுவும் அட்டெண்டர் அனுமதி இல்லாமல் அறையை விட்டுப் போகக் கூடாது. விதி ஏழு: ஒவ்வொரு தாளின் தலையிலும் கல்லூரியின் எழுத்துகள் இருக்க வேண்டும், தாள் எங்கே போனாலும் அது யாருடையது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். கடைசி விதிதான் கத்தி: பாடத்துக்குப் புறம்பான வேலைக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துபவர் மறுபடி இந்த அறைக்குள் வர முடியாது. அறைக்குள் வராவிட்டால் பிராக்டிகல் பரீட்சை இல்லை. பிராக்டிகல் இல்லாவிட்டால் படிப்பே இல்லை.

விதி ஏழுக்காக, வேலூரிலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வரும் கம்ப்யூட்டர் வாத்தியார் ஒரு புரோகிராம் எழுதினார். யார் எதை அச்சடித்தாலும் முதலில் நட்சத்திரக் குறிகளாலேயே மூன்று பெரிய ஆங்கில எழுத்து விழும். அப்புறம்தான் அவரவர் வேலை. கல்லூரி இன்றும் இருப்பதால் என்ன எழுத்து என்று சொல்ல மாட்டேன். ஒன்று ஏணி மாதிரி இருக்கும், ஒன்று வளையல் மாதிரி இருக்கும், மூன்றாவது இரண்டு கோடு சாய்ந்து கீழே கூடினது மாதிரி. அது போதும்.

கோமதி அந்த வருஷம் படித்த பெண். நெசவுக்காரர் தெருவிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்தது அது ஒன்றுதான். அவள் அப்பாவுக்கு வேலை அட்டை குத்துவது. பட்டுத் தறிக்கு மேலே ஜக்காடு என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி சுற்றும். எந்த இடத்தில் துளையோ அந்த இடத்தில் ஜரிகை மேலே வரும். டிசைன் போடுபவர் கட்டம் போட்ட தாளில் சின்னச் சின்னக் கட்டமாக வர்ணம் அடித்துக் கொடுப்பார். வர்ணம் இருக்கிற கட்டத்துக்கெல்லாம் கோமதியின் அப்பா சுத்தியால் ஒரு தட்டு, அட்டையில் ஒரு துளை. தாளில் ஒரு வரிக்கு ஓர் அட்டை.

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் பயிற்சி, நட்சத்திரக் குறியால் ஏதாவது ஓர் உருவம் வரவழைப்பது. பையன்கள் முக்கோணம் போட்டார்கள், சாய்சதுரம் போட்டார்கள். இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள் கோமதி. அப்பா சிரித்தாராம்.

“நட்சத்திரம் போடறதுக்கா காலேஜி? அதைத்தான நான் முப்பது வருஷமா சுத்தியால போட்டுகினு கீறேன். எனக்கு யாராச்சும் ஏசி போட்டாங்களா?”

“உன்னோடது ஓட்டை, நைனா. இது மூளை.”

“அப்ப உங்க மூளைய ஒரு அன்னப்பட்சி போடச் சொல்லு. நாலு நாள் ஆவுது டிசைன்காரருக்கு. உன் மிஷினு எத்தினி நாள் எடுக்கும், பாக்கலாம்.”

அவள் ஒரு மணி நேரம் எடுத்தாள். பாதி அன்னத்தை மட்டும் கட்டத் தாளில் எண்ணிப் போட்டுக்கொண்டு வந்து அடித்தாள். மறு பாதியைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி கம்ப்யூட்டரே திருப்பிப் போட்டுக்கொண்டது. பிரிண்டர் கர்ர் கர்ர் என்று வரி வரியாகத் துப்பியது. முதலில் ஏணி, வளையல், கூடின கோடு. அதன் கீழே எதிரெதிராக இரண்டு அன்னம், மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு. நான் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். எட்டு மாதத்தில் அந்த அறையில் அழகாக ஒன்று பிறந்தது அன்றைக்குத்தான்.

“அண்ணா, ஒரே ஒரு நாள். நைனாகிட்ட காட்டிட்டு நாளைக்கி ஒம்பது மணிக்கு ஃபைல்ல வெச்சிடறேன்.”

“விதி ஆறு இன்னா சொல்லுது?”

“அட்டெண்டர் அனுமதி வேணும்னு சொல்லுது. அதான கேட்டுகினு நிக்கறேன்.”

இந்த மாதிரிப் பேசுகிறவர்களிடம் நான் தோற்றுவிடுவேன். ரிஜிஸ்டரில் அவள் பெயர், ‘நட்சத்திரப் பயிற்சி’ என்று காரணம், என் கையெழுத்து. கடைசிக் கட்டம் பிரின்சிபாலுக்கு. தாள் வெளியே போனதால் அந்த வரியை அவரிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்குத் தாள் சொன்னபடி திரும்பி வந்தது. மடிப்புகூட இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் கோமதி செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

“அண்ணா, பேஜாராயிடுச்சி. நைனா காலேஜையும் சேத்துக் குத்திட்டாரு.”

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. டிசைன் அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. மகளிடம் சொல்லாமல் அன்று சாயங்காலமே தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டை குத்தியிருக்கிறார். அறுபது வரிக்கு அறுபது அட்டை. முதல் பத்து வரி கல்லூரி, மீதி அன்னம். அந்த அட்டையைத் தெருவில் ஒரு தறியில் ஏற்றி, ஒரு பாவும் ஓடிவிட்டது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், ஒரு பாவுக்கு மூன்று புடவை. மூன்றின் பார்டரிலும் இரண்டு அன்னம், ஒரு கல்லூரி, இரண்டு அன்னம், ஒரு கல்லூரி.

சாயங்காலம் நானே அவரைப் பார்க்கப் போனேன். சுத்தியைக் கீழே வைக்காமல் பேசினார்.

“மேல இருக்கறது எழுத்துங்க, தெரியலையா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“அது இன்னான்னு கேக்கறது டிசைன்காரர் வேலைங்க. தாள்ல இருந்துச்சி, குத்தினேன். யோசிச்சிகினே குத்தறவன் கையில ஓட்டை தப்பா வுழும்.” இதைக் குறித்துக்கொண்டேன். பிறகு அவரே சொன்னார்: “கடைக்காரருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி. ஏணி வளையல் பார்டர்னு பேரு வெச்சிட்டாரு. இன்னும் ஒரு பாவு போடலாமான்றாரு.”

“வேணாங்க. உங்க பொண்ணு படிப்பே போயிடும்.”

அப்போதுதான் சுத்தி கீழே வந்தது. அந்த அட்டைகளை எடுத்து என் கண் முன்னாலேயே நூல் அறுத்துப் பிரித்தார். ஆனால் நெய்ததைப் பிரிக்க முடியாதே. ஒரு புடவை போளூருக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தது. இன்னொன்று தேவிகாபுரத்துக்கு. மூன்றாவது கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மறைந்து நின்று அதைப் பார்த்தேன். பார்டர் புடவையின் நீளத்துக்கு ஓடுவதால் எழுத்துகள் படுத்துக் கிடந்தன. கழுத்தைத் தோளில் சாய்த்துப் பார்த்தால்தான் கல்லூரி தெரியும். புடவை வாங்குகிறவர்கள் கழுத்தைச் சாய்த்தா பார்க்கப்போகிறார்கள் என்று நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

புடவை பற்றி ஆண்பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கட்டினால் முந்தானை என்று ஒன்று முதுகில் தொங்கும் என்பதும், தொங்கும்போது படுத்திருந்த எழுத்து எழுந்து நிற்கும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

திறப்பு விழா அப்புறம்தான் வந்தது. கம்ப்யூட்டர் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு பெயர் வைக்கிற மாதிரி. வாசலில் வாழைமரம், உள்ளே குத்துவிளக்கு, சுவரில் மாணவர்கள் அச்சடித்த தாள்கள். நடுவில் கோமதியின் அன்னத்தை ஒட்டியது நான்தான். கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டுவதற்கும் அவளைத்தான் வாத்தியார் தேர்ந்தெடுத்திருந்தார். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்.

பிரின்சிபால் வீட்டு அம்மா முன்னதாகவே வந்துவிட்டார். மயில்கழுத்துப் பச்சையில் புதுப் பட்டு. திரி சரிசெய்யக் குனிந்தபோது முந்தானை எங்கள் பக்கம் திரும்பியது. அதன் ஓரத்தில் ஏணி, வளையல், கூடின கோடு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, பலகையில் எழுதின மாதிரி நிமிர்ந்து நின்றன. கோமதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். உட்கார்ந்தால் முந்தானை முதுகுக்குப் பின்னால் மறையும்.

“உக்காருங்கம்மா.”

“வேணாம்பா, நிக்கறேன்.”

“கால் வலிக்கும்மா.”

“என் கால்தான, எனக்கு வலிக்கல.”

“ஏசி காத்து நின்னா நேரா படும்மா. உக்காந்தா படாது.”

“இன்னா மாணிக்கம், வந்ததுலேருந்து உக்காரு உக்காருன்னுகினே இருக்கே? நான் உக்காந்தா உனக்கு பிரமோஷனா?” என்று சொல்லிவிட்டு, தாள்கள் ஒட்டியிருந்த சுவரோரமாக, வாசலுக்கு முதுகைக் காட்டி நன்றாக நின்றுகொண்டார். சரியாக அன்னத்தின் பக்கத்தில். தாளில் மூன்று எழுத்து. முந்தானையில் அதே மூன்று எழுத்து. தாளில் இரண்டு அன்னம். முந்தானையில் அதே இரண்டு அன்னம், இன்னும் பளபளப்பாக.

அந்த நேரம் பார்த்து பிரின்சிபால் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி முந்தானையைப் பார்த்தார். அம்மாவை வாசல் கோலத்தைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார். பிறகுதான் என்னிடம் திரும்பி, “இங்க பல விதி மீறியிருக்கு போலிருக்கு, மத்ததையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்று ஆரம்பித்து, முதலில் நான் எழுதிய கேள்வியைக் கேட்டார்.

இரண்டாம் தரம் கேட்டார், நிதானமாக. “எப்படி… வந்தது?”

“தாளை வெளிய உட்டது நான்தான் சார்.”

“யார் விட்டதுன்னு நான் கேக்கல.”

அப்புறம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சொன்னேன். நட்சத்திரம் துளையானது, துளை ஜரிகையானது, மேலே இருந்த எழுத்தை டிசைன் என்று நினைத்து ஒரு மனிதர் ஒரு கட்டம் பிசகாமல் குத்தியது, எல்லாம். கோமதி தலையைக் குனிந்தபடி, “நைனாவுக்கு எது அன்னம், எது காலேஜின்னு தெரியாதுங்க சார். தப்பு என்னோடதுதான். ஆனா பயிற்சிக்குத்தான் போட்டேன், பொடவைக்குப் போடலைங்க” என்றாள்.

அவர் பலகையைப் பார்த்தார். கண் கடைசி விதியில் போய் நின்றது. கோமதியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே.

“சார், ஒண்ணு சொல்லலாங்களா? மத்த விதி எப்படியோ, ஏழாவது விதி நல்லா வேலை செஞ்சிருக்குங்க. தாள் எங்க போனாலும் யாரோடதுன்னு தெரியணும்னு எழுதியிருந்தீங்க. தாளே இல்லாமகூடத் தெரியுதுங்க.”

அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பா கோபமா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. “இந்த மாதிரி எத்தனை புடவை?” என்றார். மூன்று என்றேன். “மத்த ரெண்டு?” போளூர், தேவிகாபுரம் என்றேன். “நல்ல வேளை,” என்றார். ரிஜிஸ்டரைக் கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்தார். கோமதி பெயர், நட்சத்திரப் பயிற்சி, என் கையெழுத்து, காலியாக ஒரு கட்டம். பச்சைப் பேனாவைத் திறந்தார். முதல் எழுத்து ‘க’ என்று விழுந்தது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. இரண்டு வார்த்தைக்கும் முதல் எழுத்து அந்தக் குடும்பம்தானே. கோமதி எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூச்சை மெதுவாக விட்டாள். ‘கண்டேன்.’

வெளியே இயக்குநரின் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா வாசலிலிருந்து, “வந்துட்டாங்க. ஜல்தி வாங்க, நாம போயி வரவேற்கணும்” என்று கூப்பிட்டுவிட்டு, வழக்கம்போல அவர் முன்னால் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

“நீ முன்னால போ,” என்றார் பிரின்சிபால்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “இத்தினி வருஷத்துல இன்னிக்கித்தான் இந்தப் புத்தி வந்துதா?”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அம்மா நடக்க ஆரம்பித்ததும், முந்தானைக்கும் தன் சட்டைக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழைய முடியாதபடி ஒட்டி நின்று, வாழைமரம் வரைக்கும் அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்தார்.